வீரபத்திரன் மெட்ராஸில் ரூம் எடுத்தது

“மெட்ராஸ்ல ரூம் நான்தான் எடுப்பேன். அதுல யாரும் தலையிடக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டு வீரபத்திரன் துண்டை உதறித் தோளில் போட்டார். அந்த வீட்டில் தலையிடுவதற்கு இருந்ததே ஒரு தலைதான். அந்தத் தலை அப்போது அடுப்படியில் குனிந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தது.

“சரிங்க,” என்றாள் கனகலட்சுமி.

அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சண்டைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவனிடம் எதிராளி கும்பிடு போட்டால் என்ன செய்வது?

வீரபத்திரன் யார் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். ராமேஸ்வரத்தில் இருபத்தாறு வருசமாக ரூம் ஏஜெண்டு. லாட்ஜுக்கு முதலாளி இல்லை, மேனேஜரும் இல்லை. ரயிலடியிலும் பஸ் ஸ்டாண்டிலும் நின்று, இறங்குகிற யாத்ரீகரைப் பிடித்து லாட்ஜில் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆள். இறங்குகிறவர் கால் தரையில் படுமுன்னே இவர் ஏசி, இவர் ஏசி இல்லாதது, இவர் மடத்தில் ஓசியில் படுக்கிற கேஸ் என்று பிரித்துவிடுவார். சொந்த ஊர் அபிராமம். அங்கே பத்தாவதை மூன்று தடவை எழுதியும் தேறாத மனுசர், இன்றைக்கு இந்தி, தெலுங்கு, மராத்தி, குஜராத்தி, வங்காளம் என்று ஐந்து பாஷையில் ‘வெந்நீர் வரும்’ என்று சொல்வார். அதற்கு மேல் அந்தப் பாஷைகளில் ரெண்டு மூணு வார்த்தைதான் தெரியும். அதற்கு மேல் தேவையும் பட்டதில்லை.

இத்தனை இருந்தும் ஒரு விசயம். அவர் தன் ஆயுசில் ஒரு நாள்கூட லாட்ஜில் தங்கியது கிடையாது. மெட்ராஸையும் பார்த்தது கிடையாது.

இப்போது போக வேண்டி வந்துவிட்டது. அவர் ஆள் பிடித்துக் கொடுக்கிற லாட்ஜின் முதலாளி அப்துல் அஜீஸ் பாய். பாயின் மகளுக்கு மெட்ராஸில் நிக்காஹ். பத்திரிகையை நீட்டிய கையோடு பாய் ஒரு வார்த்தை சொன்னார்.

“ரூமு ஒனக்கு நான் பாக்கணுமாப்பா? ஊருக்கே ரூம் போடுற ஆளு நீ. குடும்பத்தோட வந்து சேரு.”

இந்த வார்த்தை வீரபத்திரனுக்குள் போய் உட்கார்ந்து, சம்மணம் போட்டுக்கொண்டது. மூன்று நாளாய் மனுசர் தரையில் நடக்கவில்லை.

அவர் எதிர்பார்த்த சண்டை என்னவென்றால், கனகத்தின் தங்கச்சி சேதுலட்சுமி மெட்ராஸில் குரோம்பேட்டையில் இருக்கிறாள். சொந்த வீடு. மேலே ஒரு மாடி ரூம் வேறு. ‘தங்கச்சி வீட்டுலயே தங்கிக்கிருவோமே’ என்று கனகம் நிச்சயம் ஆரம்பிப்பாள். அதற்குப் பதிலை அவர் குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்து, ஏற்ற இறக்கத்தோடு தயார் பண்ணி வைத்திருந்தார். அவள் ஆரம்பிக்கவே இல்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் அவரே ஆரம்பித்தார்.

“தங்கச்சி வீடுன்னு மட்டும் வாயத் தொறந்துறாத.”

“நான் தொறக்கலையே.”

“மனசுல நெனச்சேல்ல?”

“மீனு முள்ளு குத்திருச்சேன்னு நெனச்சேன்.”

“அந்த முனீஸ்வரன் வீட்டு வாசப்படிய என் காலு மிதிக்காது. அவன் பண்ண காரியத்துக்கு ஏழு ஜென்மம் ஆனாலும்...”

“அதான் தெரியுமே. விடுங்க. லாட்ஜுலயே தங்குவோம். நீங்க எங்கன சொல்றீகளோ அங்கன.”

முனீஸ்வரன்தான் சேதுலட்சுமியின் புருசன். வீரபத்திரனுக்குச் சகலை. லிஃப்ட் மெக்கானிக். அவன் பண்ண காரியம் சாதாரணக் காரியம் இல்லை.

ஏழு வருசத்துக்கு முந்தி ஒரு காலை. ராமேஸ்வரம் ரயிலடி. வண்டி வந்து நின்றது. கூட்டம் இறங்கியது. வீரபத்திரன் வழக்கம்போல் முன்னால் பாய்ந்து, “ரூம் சார், ரூம்! கம்ரா ஜி, கம்ரா!” என்று குரல் கொடுத்தார். குனிந்து பெட்டியை இழுத்துக்கொண்டு வந்த ஒருத்தன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “வேணாம்ப்பா, போன்லயே புக் பண்ணியாச்சு,” என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் நாலு எட்டு வைத்துத் திரும்பிப் பார்த்தான். முனீஸ்வரன்!

சொந்தச் சகலை. ரூம் ஏஜெண்டு வீரபத்திரனின் சகலை. வீரபத்திரன் இருக்கிற ஊருக்கு, வீரபத்திரனுக்குத் தெரியாமல், போனில் ரூம் போட்டு வந்திருக்கிறான்! பக்கத்தில் நின்ற நாலு ஏஜெண்டும் பார்த்துவிட்டார்கள். அடுத்த ஆறு மாசம் அந்த ரயிலடியில் அவரைக் கண்டால், “அண்ணே, சகலை புக் பண்ணிட்டாரா?” என்பதுதான் வணக்கம்.

“அவுக அய்யாவுக்குத் திதி குடுக்க வந்தாரு. காரியத்துக்கு வந்தவுக சொந்தக்காரவுக வீட்டுக்குள்ள நொழையக் கூடாதுன்னு வெளிய தங்குனாரு. அது ஒரு குத்தமா?” என்று கனகம் அப்போது எடுத்துச் சொன்னாள்.

“வீட்டுக்குள்ள நொழைய வேணாம். என் லாட்ஜுக்குள்ள நொழையலாம்ல?”

இந்த இடத்தில் நியாயம் அவர் பக்கம்தான். அன்றைக்கு அறுந்தது பேச்சு. சேதுலட்சுமி புது வீடு கட்டி, பால் காய்ச்சி, மூன்று முறை கூப்பிட்டாள். இவர் போகவில்லை, கனகத்தையும் விடவில்லை. அக்காளும் தங்கச்சியும் ஒருத்தரை ஒருத்தர் போனில் பார்த்து, போனிலேயே அழுது, போனிலேயே மூக்கைச் சிந்திக்கொண்டு ஏழு வருசம் ஓடிவிட்டது. கனகம் இதைப் பற்றி அவரிடம் ஒரு சண்டை போட்டதில்லை. அந்த அமைதியைச் சம்மதம் என்று வீரபத்திரன் எடுத்துக்கொண்டார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருசம் ஆன ஒரு ஆம்பளை செய்யக்கூடிய தப்பா இது?

மறுநாள் மத்தியானம் கனகம் அவருக்குச் சாப்பாடு கொடுக்க அஜீஸ் பாய் லாட்ஜுக்கு வந்தாள். வீரபத்திரன் அங்கே இந்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைப் பிடித்து வைத்திருந்தார். அந்தக் குடும்பத் தலைவர் இதுவரை எட்டு லாட்ஜ் பார்த்து எட்டையும் குறை சொன்னவர். இந்த லாட்ஜையும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பார்த்தார். வீரபத்திரன் பதறவே இல்லை. கையை விரித்தார்.

“நஹி ஜி. ஃபுல். சப் ஃபுல்.”

தலைவர் முகம் மாறிவிட்டது. இப்போதுதானே ரூம் இருக்கிறது என்றாய் என்று இந்தியில் எகிறினார். வீரபத்திரன் வானத்தைப் பார்த்தார். தலைவர் கெஞ்சினார். அவர் சம்சாரமும் சேர்ந்து கெஞ்சினாள். ஐந்து நிமிசத்தில், வேண்டா வெறுப்பாக வீரபத்திரன் சாவியை எடுத்துக் கொடுக்க, அவர்கள் எதையோ ஜெயித்துவிட்ட மாதிரி ஓட்டமாய் மாடியேறினார்கள்.

“பாத்தியா?” என்றார் கனகத்திடம். “ரூம் இருக்குன்னு சொன்னா ஆயிரம் நொட்டை சொல்லுவான். இல்லைன்னு சொல்லு, கால்ல விழுவான். இதான் தொழிலு.”

கனகம் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டே கேட்டாள்.

“கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா?”

“போகமாட்டான். கோவம் வந்துச்சுன்னா இன்னும் நல்லது. ‘எனக்கா இல்லைங்கிற’ன்னு அங்கயே உக்காந்துக்கிருவான்.”

“எல்லாருமா அப்பிடி?”

“எல்லாரும்தான்.”

“வெவரமானவுககூடவா?”

“வெவரமானவன்தான் மொதல்ல விழுவான்.”

இதை அவர் தன் வாயால், சுயநினைவோடு, பட்டப்பகலில் சொன்னார். கனகம் ரசத்தை ஊற்றிவிட்டு, “இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா?” என்று கேட்டாள். அவ்வளவுதான்.

நிக்காஹுக்கு முந்தின நாள் காலையில் எழும்பூரில் போய் இறங்கினார்கள். ஒரு நாள் முந்திப் போகலாம், மெட்ராஸைச் சுத்திப் பார்க்கலாம் என்றது கனகம்தான். அதில் என்ன இருக்கிறது என்று இவரும் விட்டுவிட்டார்.

வாசலுக்கு வந்ததும், “ரூம் சார், ரூம்!” என்று நாலு பேர் பாய்ந்தார்கள். வீரபத்திரனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவர்களை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏலே தம்பி, கைய இப்பிடி நீட்டக் கூடாது. பெட்டியத் தொடணும். பெட்டியத் தொட்டாத்தான் ஆளு நிப்பான்.”

நாலு பேரும் முழித்தார்கள். தொழில் சொல்லிக் கொடுத்த திருப்தியோடு வீரபத்திரன் நடந்தார். கனகம் பின்னால் நடந்தாள். நாலு தெரு சுற்றி, பதினோரு லாட்ஜின் முகப்பை நோட்டம் விட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். சுத்தமான லாட்ஜ். வாசலில் சாம்பிராணி வாசம். மேனேஜர் சின்னப் பையன், படித்த களை.

“ரெண்டு பேர் ஆதாரும் குடுங்க சார்.”

கொடுத்தார்கள். பையன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

“சார் கார்டுல ராமேஸ்வரம்னு இருக்கு. அம்மா கார்டுல நயினார்கோவில்னு இருக்கே. இதுல அப்பா பேருதான் இருக்கு. உக்கிரபாண்டி. உங்க பேரு இல்லையே?”

“கல்யாணத்துக்கு அப்பறம் மாத்தல தம்பி. இவ என் சம்சாரம்.”

“எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க. வேற கார்டு இருக்காம்மா? வோட்டர் ஐடி, ரேஷன் கார்டு?”

“பீரோவுல பத்திரமா இருக்கு,” என்றாள் கனகம்.

வீரபத்திரன் அவள் பக்கம் திரும்பினார். “ஏன் கொண்டாரல?”

“ரூம் விசயத்துல யாரும் தலையிடக் கூடாதுன்னீகளே.”

பையனுக்கு நல்ல மனசு. ஒரு வழி சொன்னான். “பரவால்லம்மா. உங்க வீட்டுக்காரர் பேரு என்னன்னு நீங்களே சொல்லுங்க. ஒத்துப் போச்சுன்னா ரூம் குடுத்துடறேன்.”

கனகம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“சொல்லுங்கம்மா.”

“அய்யய்யோ, புருசன் பேரச் சொல்லலாமா? எங்க பக்கம் சொல்ல மாட்டோம்.”

“வீரபத்திரன்!” என்று கத்தினார் வீரபத்திரன்.

“நீங்க சொல்லக் கூடாது சார். அவங்கதான் சொல்லணும்.”

“சொல்லித் தொலையேன்டி! போன மாசம் கேஸ் சிலிண்டர் பதியும்போது கணீர்னு சொன்னியே!”

“அது போன்ல. ஆள முன்னால வச்சுக்கிட்டு எப்பிடிச் சொல்றது?”

அவளும் பாவம், ஒரு முயற்சி செய்தாள். “சாமி பேருதான் தம்பி. தட்சன் யாகத்த அழிச்ச சாமி. கோயில்ல கத்தி கேடயத்தோட நிப்பாரு. கோவக்கார சாமி.”

பையன் அந்தச் சாமியை அறியான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கண் சிவக்க நிற்கிற வீரபத்திரனைத்தான் பார்த்தான். ‘கத்தி’ என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்திருக்கிறது. இரண்டு ஆதாரையும் ஒரு விரலால் தள்ளிவைத்தான்.

“சாரி சார். ரூம் இல்ல.”

ராமேஸ்வரத்தில் எத்தனை ஜோடியை இதே மாதிரி வீரபத்திரனே திருப்பி அனுப்பியிருக்கிறார்! அந்தப் பாவமெல்லாம் சாம்பிராணி வாசத்தோடு வந்து அவர் முன்னால் நின்றது.

“இவன் கெடக்கான் பொடிப் பய. வா.”

இரண்டாவது லாட்ஜில் வயசான மேனேஜர். ஆதாரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரூமைக் காட்டச் சாவியை எடுத்துக்கொண்டு அவரே வந்தார். கனகம் கீழே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். இந்த லாட்ஜைப் பற்றி அவள் கவலையே படவில்லை.

வீரபத்திரன் வேலையை ஆரம்பித்தார். குழாயைத் திறந்தார். தலையணையை மோந்தார். மெத்தையைத் தூக்கி அடியில் பார்த்தார். ஜன்னல் திரையை விலக்கினார். சுவர்!

“இதென்ன, ஜன்னலுக்கு அங்கிட்டுச் சுவரு?”

“காத்து வரும் சார்.”

“சுவத்துல இருந்தா வரும்? அண்ணே, இந்தக் காத்துக் கதைய நான் இருபத்தாறு வருசமா சொல்றேன். மூட்டைப்பூச்சிக்கு நேத்துத்தான மருந்தடிச்சீக? அதை மறைக்கத்தான இந்த ஊதுவத்தி? மொதல்ல மோசமான ரூம்பக் காட்டி, அடுத்தது நல்ல ரூம்பக் காட்டி, அதுக்குக் கூடக் கேப்பீக. சரிதான? அந்த ரெண்டாவது ரூம்புக்கு நேரா வாங்க.”

மேனேஜர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“நீங்க ரூம் எடுக்க வந்தீங்களா, இல்ல ரெய்டுக்கு வந்தீங்களா?”

“எனக்குத் தெரியாத லாட்ஜ் வித்தையா? வெந்நீர் காலையில ஆறுல இருந்து எட்டுன்னு எழுதிப் போட்டிருக்கீகளே, ஆறே காலுக்கு ஹீட்டரை அமத்திருவீகதான?”

இப்படியே கால் மணி நேரம். மற்ற ரூம்காரர்கள் கதவைத் திறந்துகொண்டு வந்து, ஆமாம், எங்களுக்கும் ஆறே காலுக்கு நின்னுபோச்சு என்று சேர்ந்துகொண்டார்கள். மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டு வீரபத்திரனை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். “அய்யா, தயவுசெஞ்சு போயிருங்க. இருக்கிற ஆளும் காலி பண்ணிருவான்.”

வெளியே டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெட்டி, பை, பாய் மகளுக்குக் கொடுக்கக் கொண்டுவந்த பித்தளைக் குத்துவிளக்கு எல்லாம் சுற்றி இருந்தன. நிக்காஹுக்குக் குத்துவிளக்கா என்று கனகம் ஊரிலேயே கேட்டாள். அதிலும் தலையிடக் கூடாது என்றுவிட்டார். வெயில் ஏறத் தொடங்கியது. வீரபத்திரன் டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். நம்பிக்கை கொஞ்சம்கூடக் குறையவில்லை.

“இன்னும் ஒம்பது லாட்ஜ் இருக்கு.”

“ஆமாங்க,” என்றாள் கனகம். “சேதுகிட்ட, பத்திரமா வந்து எறங்கிட்டோம்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன். இல்லாட்டி பயந்துக்கிருவா.”

“சொல்லு. வீட்டுக்கு வாரேன்னு மட்டும் சொல்லாத.”

சத்தம் கேட்கவில்லை என்று போனை ஸ்பீக்கரில் போட்டாள். சேதுலட்சுமி குரல் டீக்கடை முழுக்கக் கேட்டது.

“அக்கா, வந்துட்டீகளா? எங்கன தங்குறீக?”

“லாட்ஜ் பாத்துக்கிட்டு இருக்காரு, சேது. நல்லதா ஒண்ணு கெடைக்கல.”

சேதுவின் குரல் தணிந்தது.

“அக்கா... தப்பா நெனச்சுக்கிறாதீக. இங்கன வந்துறாதீக. மாடி ரூம்ப இவரு ஒதுக்கி வச்சுட்டாரு.”

“யாருக்கு?”

“யாரோ பெரிய மனுசனாம். சொல்ல மாட்டேங்குறாரு. உங்க அக்கா வீட்டுக்காரரு வந்து நின்னாலும் எடமில்லைன்னு சொல்லிரணும்னுட்டாரு. ஃபுல்லாம்.”

வீரபத்திரன் கையிலிருந்த டீ கிளாஸ் பெஞ்சில் ‘டக்’ என்று இறங்கியது.

“என்னது?”

கனகம் அவசர அவசரமாகப் போனை அணைத்தாள். “விடுங்க. அவ சின்னப் புள்ள, தெரியாமச் சொல்றா.”

“ஃபுல்லா? யாருக்கு ஃபுல்லு? எனக்கா ஃபுல்லு?”

“நாமதான் அங்கன போகலையே. உங்க காலுதான் அந்த வாசப்படிய மிதிக்காதே.”

“நான் மிதிக்க மாட்டேன்னு சொல்றது வேற! அவன் மிதிக்காதேன்னு சொல்றது வேற! இருபத்தாறு வருசமா ஊரு ஒலகத்துக்கே நான் ஃபுல்லுன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். ஒரு லிஃப்ட் மெக்கானிக்கு எனக்குச் சொல்றானா ஃபுல்லு?”

“வேணாங்க. மான மருவாதி இருக்கு. இந்தப் பெஞ்சுலயே கெடந்தாலும் கெடப்போம். அங்கன வேணாம்.”

“எந்திரி!”

“நான் வரல.”

“எந்திரிங்கிறேன்ல! மாடி ரூம்ப அந்தப் பெரிய மனுசனுக்குக் குடுக்குறானா எனக்குக் குடுக்குறானான்னு இன்னைக்குப் பாத்துர்றேன்.”

“வேணாங்க, வேணாங்க,” என்று சொல்லிக்கொண்டே கனகம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். மின்சார ரயிலுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவள் ஒருத்தரையும் கேட்கவில்லை. டிக்கெட் எடுக்கும் இடமும், ஏறுகிற பிளாட்பாரமும், குரோம்பேட்டையில் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்பதும் அவள் காலுக்கே தெரிந்திருந்தது. மெட்ராஸை அவளும்தான் பார்த்ததில்லை. வீரபத்திரன் இதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. முனீஸ்வரனைக் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். கிண்டி வரும்போது பதினாலு கேள்வி சேர்ந்திருந்தது.

வீட்டு வாசலில் முனீஸ்வரன் கைலியோடு நின்றான். முகம் மிகவும் சாந்தம்.

“வாங்கண்ணே.”

“வாங்கண்ணேவா? ரூம் இல்லைன்னியாமே?”

“இல்லண்ணே. ஃபுல்லு.”

ஃபுல்லு என்று சொன்ன விதம் இருக்கிறதே, அதில் ஒரு தேர்ச்சி இருந்தது. வானத்தைக்கூட லேசாகப் பார்த்தான். வீரபத்திரனுக்குப் பதினாலு கேள்வியும் மறந்துபோனது.

“யாருடா அந்தப் பெரிய மனுசன்? என்னைவிடப் பெரிய மனுசன்?”

“நமக்கு ரொம்ப வேண்டியவருண்ணே. கொஞ்சம் கோவக்காரரு. வாக்குக் குடுத்துட்டேன். மன்னிச்சுக்கிருங்க.”

“நகரு!”

வாசப்படியை வலது காலால் மிதித்தாரா, இடது காலால் மிதித்தாரா என்பதுகூடத் தெரியாது. தடதடவென்று மாடியேறினார். கதவைத் தள்ளினார்.

புது விரிப்பு. புதுத் தலையணை, இரண்டு. கொடியில் மடித்த துண்டு. பிரிக்காத சோப்பு. வீரபத்திரன் விடுவாரா? குழாயைத் திறந்தார், தண்ணீர் சீறியது. வெந்நீர்க் குழாயைத் திறந்தார், கை சுட்டது. தலையணையை மோந்தார், வெயிலில் காய்ந்த வாசம். மெத்தையைத் தூக்கினார், அடியில் தூசி இல்லை. ஜன்னலைத் திறந்தார், அங்கே வேப்பமரம் நின்றது, காற்று உண்மையிலேயே வந்தது. இருபத்தாறு வருசத்தில் குறை கண்டுபிடிக்க முடியாத ஒரு ரூமை அவர் முதல் முறையாகப் பார்த்தார். ஆத்திரம் தாங்க முடியவில்லை. இப்படி ஒரு ரூம், வேறு எவனுக்கோ!

கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“இதுதான் எனக்கு வேணும். நாலு நாளைக்கு. போலீஸக் கூப்பிட்டாலும் எறங்க மாட்டேன்.”

வாசலில் நின்ற முனீஸ்வரன் தலையைச் சொறிந்தான். பெருமூச்சு விட்டான். “நீங்க இவ்வளவு தூரம் சொல்லும்போது நான் என்னண்ணே பண்றது? சரி. அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

ஜெயித்தாயிற்று. பட்டணத்தில் வந்து இறங்கி இரண்டரை மணி நேரத்தில், எதிரி கோட்டைக்குள் புகுந்து, ஒதுக்கி வைத்த ரூமையே பிடித்தாயிற்று. வீரபத்திரன் தலையணையில் சாய்ந்தார்.

கீழே சத்தம் கேட்டது. எழுந்து மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்தார். அடுப்படி வாசலில் அக்காளும் தங்கச்சியும் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சேது அழுதாள். கனகமும் அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே என்னவோ சொல்லி இருவரும் சிரித்தார்கள். கனகம் அப்படி வாய்விட்டுச் சிரித்து அவர் பார்த்து ஏழு வருசம் இருக்கும். ‘இதைப் போயி இத்தனை நாளு தடுத்து வச்சுட்டமே, சண்டாளப் பய நான்’ என்று தலையில் அடித்துக்கொண்டார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை.

சரி, எப்படியோ, தன் சாமர்த்தியத்தால் அவர்களும் சேர்ந்துவிட்டார்கள். அந்தப் பெருமையை யாரிடமாவது சொல்ல வேண்டுமே! தண்ணீர்ச் செம்போடு படியேறி வந்த முனீஸ்வரன் தோளில் தட்டினார்.

“மாப்ள, பழசெல்லாம் விடு. ஆனா ஒண்ணு கேக்குறேன். அந்தப் பெரிய மனுசன் வந்து என் ரூம் எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவ?”

“அவரு வந்துட்டாருண்ணே,” என்றான் முனீஸ்வரன். “பத்து மணிக்குத்தான் சண்டை போட்டுக்கிட்டே வருவாருன்னு அக்கா போன வாரமே சொல்லியிருந்தாக. நீங்க ரெண்டு லாட்ஜோட முடிச்சுக்கிட்டு ஒம்பதுக்கே வந்துட்டீக. சட்னி இன்னும் தாளிக்கல, கொஞ்சம் பொறுத்துக்கிருங்க.”